ஓர்கன் இசையும் ஒலிவாங்கியின் இடமும்

கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச்சுவடியையும் சான்றாகக் கொண்டு வரலாறு எழுதப் பழகிய நாம், இசைத்தட்டை அவ்வரிசையில் வைத்து எண்ணுவது அரிது. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் இசை வரலாற்றை ஆராய்வார்க்கு இசைத்தட்டே தலையாய மூலமாகும். கல்வெட்டொன்றைப் படிப்பவர், அஃது எந்த ஊரில், எந்தச் சுவரில் பொறிக்கப்பட்டது என்று முதலிற் கேட்பர். இசைத்தட்டைச் சான்றாகக் கொள்பவரும் அதனையொத்த ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: இசை ஒலித்தபோது ஒலிவாங்கி எங்கே நின்றது? வேறு கருவிகளைப் பொறுத்தவரை இவ்வினாவை ஓரளவு ஒதுக்கிவிடலாம். மேனாட்டுத் தேவாலயங்களில் உள்ள ஓர்கன் என்னும் பெருங்கருவியைப் பொறுத்தவரையிலோ, இதற்கு விடை காணாதவர், தாம் கேட்பது கருவியின் குரலா கட்டடத்தின் குரலா என்பதையே துணிந்து கூற இயலாதவராவர். அவ்வொலிவாங்கியின் இடம் பற்றிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

ஓர்கன் என்றதும் நம்மவர் மனத்தில் ஆர்மோனியம் தோன்றுதல் இயல்பு. ஆர்மோனியத்தில் ஒலிப்பது சிறு உலோக நாக்கு. ஈண்டுக் கூறப்படும் ஓர்கனோ, ஆயிரக்கணக்கான குழல்களைக் காற்றுப் பெட்டிகளின்மேல் நிரைநிரையாக நிறுத்தி அமைத்தது. அக்குழல்நிரைகள் அடிக்கணக்காற் பெயர் பெறும். எட்டடி நிரையிலுள்ள மிகத் தாழ்ந்த குழல் செக்கனுக்கு ஏறத்தாழ 65 அதிர்வுகளை எழுப்பும். பதினாறடிக் குழல் 33 அதிர்வுகளையும், முப்பத்திரண்டடிக் குழல் 16 அதிர்வுகளையும் எழுப்பும். மனிதச் செவியின் கீழெல்லை செக்கனுக்கு 20 அதிர்வு என்பர். ஆதலின் இறுதியிற் கூறிய குழலின் அடிப்படை ஒலியைச் செவி கேட்பதிலும் உடல் உணர்வதே மிகுதி. அவ்வொலியின் அலைநீளம் இருபது மீற்றருக்கு மேற்பட்டது. மறு முனையிலோ, சுண்டுவிரலிலும் சிறிய குழல்கள் உள. அவை செவியின் மேலெல்லையை அண்மிக்கும் மீடிறன்களை எழுப்பும். ஓர் இசைக்குழு முழுவதையும் ஒருங்கு சேர்த்தாலும் இத்துணைப் பரந்த எல்லையைக் காண்பது அரிது.

கருவியின் உள்ளமைப்பும் கவனிக்கத் தக்கது. பதினேழாம் நூற்றாண்டில் வட ஜெர்மனியிலும் ஒல்லாந்திலும் வழங்கிய முறைப்படி, பார்வைக்கு ஒன்றாக நிற்கும் ஓர்கன் உண்மையிற் பல ஓர்கன்களின் கூட்டமாகும். வாசிப்பவரின் தலைக்கு மேலே இருப்பது தலைமைப் பகுதி. அவர் முதுகுக்குப் பின்னால், மாடத்தின் கைபிடிச்சுவருக்கு வெளியே நீண்டு நிற்பது முதுகுப் பகுதி. இரு மருங்கும் கோபுரம்போல் உயர்ந்தவை, காலால் மிதித்து ஒலிப்பிக்கும் பெருங்குழல்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி மரக்கூடும் தனித்தனி விசைப்பலகையும் உண்டு. ஆகவே கையால் வாசிக்கும் பகுதிகளிடை உள்ள வேறுபாடு முன்பின் வேறுபாடும் மேல்கீழ் வேறுபாடுமேயன்றி, இடம்வல வேறுபாடன்று. இதனை வாசகர் நினைவில் இருத்துக; பின்னர் வரும் சிக்கல்களுட் பல இதிலிருந்து பிறந்தவை.

ஒரு பகுதியின் உள்ளே இடம்வல வேறுபாடு உண்டு. அஃது ஒரு விந்தையான வேறுபாடு. பாரம் இருபுறமும் ஒத்திருத்தற்பொருட்டும் தோற்றத்தின் சமநிலைக்காகவும், அடுத்தடுத்த சுரத்தானங்களை ஒன்றுவிட்டொன்றாக இடப்புறமும் வலப்புறமும் பிரித்து நிறுத்துதல் ஓர்கன் கட்டுவோர் வழக்கம். பன்னிரு சுரத்தானங்களுள் முதலாவது இடத்தே நின்றால் இரண்டாவது வலத்தே நிற்கும். மூன்றாவது மீண்டும் இடத்தே நிற்கும். தேவாலயத்தின் நடுவே இருப்போர்க்கு இது தெரிவதில்லை. கருவிக்கு மிக அண்மையில் இரு ஒலிவாங்கிகளை நிறுத்திப் பதிவு செய்தாலோ, எளிய சுரவரிசை ஒன்று வாசிக்கப்படும்போதும் ஒலியானது அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பாய்ந்துகொண்டே இருக்கும். ஓர்கன் இசையை அறியாதவர் அதனைக் கேட்டு, இருவர் மாறி மாறி வாசிப்பதாகக் கருதினும் வியப்பில்லை.

இனிக் கட்டடத்தை நோக்குவாம். மண்டபங்களின் எதிர்முழக்கத்தைப் பௌதிகவியல் முறையில் முதன்முதல் அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து வாலஸ் சபைன் என்னும் ஆசிரியர். அப்பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை மண்டபமொன்றிற் பேச்சு விளங்காமற் போகவே, அதனைச் சீர்செய்யும் பணி 1895 ஆம் ஆண்டில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர் அடங்கிய இரவுகளில், அயலிலிருந்த அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து அடுக்கியும் அகற்றியும், ஒலி அடங்கச் செல்லும் காலத்தை அவர் அளந்தார். வெறும் மண்டபத்தில் அக்காலம் ஐந்தரைச் செக்கனுக்கு மேற்பட்டிருந்தது. இவ்வாய்வுக்கு அவர் பயன்படுத்திய ஒலிமூலம் ஓர் ஓர்கன் குழலே என்பது நமது பொருளுக்கு இயைந்த செய்தி. மண்டபத்தின் கனவளவும், அதிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் அளவும் தெரிந்தால் எதிர்முழக்கக் காலத்தைக் கணித்தறியலாம் என்பது அவர் நிறுவிய விதி.

அவ்விதியின் வழிவந்த கணிப்பொன்று ஒலிவாங்கி நிறுத்துவார்க்கு இன்றியமையாதது. கருவியிலிருந்து நேரே வரும் ஒலி தொலைவு செல்லச் செல்லக் குறையும். எதிர்முழக்கமோ மண்டபமெங்கும் ஏறக்குறைய ஒரே அளவாக நிறைந்திருக்கும். இரண்டும் சமமாகும் தொலைவு ஒன்று உண்டு. 20,000 கன மீற்றர் கொள்ளும் தேவாலயத்தில் எதிர்முழக்கம் 5 செக்கன் நீடிக்குமாயின், எத்திசையும் ஒப்ப ஒலிக்கும் ஒரு மூலத்துக்கு அத்தொலைவு மூன்றரை மீற்றர் அளவே. இருபது மீற்றர் அப்பால் உள்ள இருக்கையில், எதிர்முழக்கத்தின் ஆற்றல் நேரொலியினதைப்போல் முப்பது மடங்காகும். ஓர்கன் ஒரு புள்ளியில் நின்று ஒலிப்பதன்று. ஆதலால் இவ்வெண்களை அப்படியே கொள்ளுதல் கூடாது. எனினும், தேவாலயத்தில் இருந்து ஓர்கனைக் கேட்போர் பெரும்பாலும் கட்டடத்தையே கேட்கின்றனர் என்னும் உண்மை இதனால் வலியுறும். வழிபாட்டுக்கு வந்தோர் இதனைக் குறையாகக் கருதியதில்லை. ஓர்கன் கட்டியவரும் அக்கட்டடத்துக்கென்றே குழல்களின் குரலைத் திருத்தி அமைத்தனர். ஆயின், பாஃக் முதலியோர் இயற்றிய பல்குரல் இசையில் ஒவ்வொரு குரலின் போக்கையும் பிரித்தறிய விரும்புவோர்க்கு நேரொலி வேண்டும். இவ்விரு வேட்கைகளின் போராட்டமே ஓர்கன் ஒலிப்பதிவின் வரலாறு.

ஒலிப்பதிவின் தொடக்க காலத்தில் இப்போராட்டத்துக்கு இடமிருக்கவில்லை. 1925 ஆம் ஆண்டுக்கு முன்னர் மின்னின் உதவியின்றி, கொம்பு ஒன்றின் வாயிலாகவே ஒலியைத் திரட்டி மெழுகிற் பதித்தனர். பாடகரையும் வயலினையும் கொம்பின் வாயருகே கொண்டுவரலாம். ஓர்கனைக் கொண்டுவருதல் எங்ஙனம்? கொண்டுவந்தாற்றான் என்? தாழ்ந்த மீடிறன்களைக் கொம்பு பற்றாது. 1925 இல் மின்வழிப் பதிவு வந்தபின், ஒலிவாங்கியைக் கம்பி கொண்டு தேவாலயத்துள் இட்டுச் செல்லுதல் இயன்றது. எவ்விடத்தில் நிறுத்துவது என்னும் வினாவும் அன்றே பிறந்தது.

அக்காலப் பதிவுகளுள் நமக்கு அணுக்கமானது ஒன்று உண்டு. இந்தியச் சிந்தனை மரபு பற்றி நூலெழுதியவராக நம்மவர் அறிந்த அல்பேர்ட் சுவைற்சர், ஆபிரிக்காவில் மருத்துவப் பணி புரிந்தவர் மட்டுமல்லர்; பாஃக்கின் ஓர்கன் இசையில் அக்காலத்து முதன்மையான அறிஞருள் ஒருவருமாவர். அவர் 1935 டிசெம்பரில் இலண்டன் கோபுரத்தை அடுத்துள்ள ஓல் ஹலோஸ் தேவாலயத்தில் பாஃக்கின் இசையைப் பதிவு செய்தார். ஐந்தாண்டு கழிவதற்குள், 1940 இல், குண்டுவீச்சில் அத்தேவாலயமும் ஓர்கனும் அழிந்தன. அந்த இசைத்தட்டுகளில் அக்கருவியின் குரல் இன்றும் உளது. ஆயின் அது ஒற்றை வழியில் வந்த குரல். தட்டின் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடமே கொள்ளும். எனவே நீண்ட இசையைத் துண்டாடியே பதிய வேண்டியிருந்தது. ஒற்றை வழிப் பதிவில் எதிர்முழக்கமும் நேரொலியும் ஒரே ஒலிபெருக்கியினின்று ஒன்றன்மேலொன்றாய் வருவதால், செவி அவற்றைப் பிரித்தறிய வழியில்லை. ஆகவே அந்நாட் பதிவாளர் தெளிவு வேண்டி ஒலிவாங்கியை முன்னே கொண்டுசெல்ல வேண்டியவராயினர்.

இரு செவிக்கு இரு வழி வேண்டும் என்னும் எண்ணம் அதற்கு வெகு முன்னரே தோன்றியது. 1881 ஆம் ஆண்டு பாரிசில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், கிளெமன் அடேர் என்பார் பாரிஸ் இசைநாடக அரங்கின் மேடை விளிம்பிலே தொலைபேசி அனுப்பிகளை நிறுத்தி, கண்காட்சிக்கு வந்தோரின் ஒவ்வொரு செவிக்கும் ஒவ்வொரு கருவி கொடுத்துக் கேட்பித்தார். பாடகர் மேடையில் நடந்து செல்வதைக் கேட்டோர் உணர்ந்தனர். செவி திசையறியும் முறையை 1907 இல் ரேலி பிரபு விளக்கினார்: தாழ்ந்த மீடிறன்களுக்கு இரு செவிக்கும் இடையிலான அவத்தை வேறுபாடும், உயர்ந்த மீடிறன்களுக்குச் செறிவு வேறுபாடும் துணையாகின்றன என்பது அவர் முடிபு. காலம், செறிவு என்னும் இவ்விரண்டையும் பற்றிக்கொண்டே பிற்காலத்தில் இரு மரபுகள் கிளைத்தன.

இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனத்திற் பணிபுரிந்த அலன் புளும்லைன் 1931 டிசெம்பர் 14 ஆம் நாள் ஈரொலிப் பதிவுக்கான காப்புரிமை மனுவைத் தாக்கல் செய்தார். திரைப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கையில், நடிகர் திரையின் ஓரத்துக்குச் சென்றும் குரல் நடுவிலிருந்தே வருவதைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் எழுந்தது எனக் கூறப்படுகின்றது. 70 உரிமைக் கோரிக்கைகளைக் கொண்ட அம்மனுவின் எண் 394,325. எட்டு வடிவாக, முன்னும் பின்னும் மட்டும் ஒலியை ஏற்கும் இரு ஒலிவாங்கிகளை ஒரே இடத்தில் ஒன்றன்மேலொன்றாக வைத்து, ஒன்றை இடப்புறமும் மற்றொன்றை வலப்புறமும் நோக்குமாறு செங்கோணத்தில் திருப்புதல் அவர் கூறிய வழிகளுள் ஒன்று. ஒலி இரண்டையும் ஒரே கணத்தில் அடையும். செறிவு மட்டுமே வேறுபடும். 1934 சனவரியில் அபி ரோட் கலையகத்தில், தோமஸ் பீச்சம் நடத்திய மோட்சார்ட் இசை ஒத்திகையை அவர் இவ்வீரொலி முறையிற் பதிந்தார். 1942 சூன் 7 ஆம் நாள், வானூர்தி ரேடார் ஒன்றைச் சோதிக்கும் பணியிலிருந்தபோது விமான விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 38. தமது கண்டுபிடிப்பு இசைத்தட்டாகக் கடைக்கு வந்ததை அவர் காணவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் வேறொரு வழியிற் சென்றனர். ஹார்வி பிளெச்சர் தலைமையில், மேடைமுன் ஒலிவாங்கிகளைத் தூரந்தூரமாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் நேரான ஒலிபெருக்கி ஒன்றை வேற்றிடத்தில் வைப்பது அவர் முறை. 1933 ஏப்ரல் 27 ஆம் நாள் பிலடெல்பியாவில் இசைக்குழு வாசிக்க, அவ்விசை மூன்று வழிகளாக வாசிங்டன் நகர மண்டபத்துக்கு அனுப்பப்பட்டது. நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கி வாசிங்டனில் இருந்தவாறே ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தினார். இங்கே இடம்வலத்தை உணர்த்துவதில், செறிவோடு ஒலி வந்துசேரும் கால வேறுபாடும் பங்கு கொள்கின்றது.

இவ்விரு மரபுகளும் 1950 களில் வணிக உலகை அடைந்தன. ஈ.எம்.ஐ. புளும்லைன் வழிநின்று ஒரே இடத்து ஒலிவாங்கிகளைப் போற்றியது. டெக்கா நிறுவனத்தார் 1954 இல், எத்திசையும் ஏற்கும் மூன்று ஒலிவாங்கிகளை முக்கோணமாகத் தாங்கும் சட்டமொன்றை நடத்துநரின் தலைக்கு மேலே உயர்த்தினர். அதற்கு டெக்கா மரம் என்னும் பெயர் நிலைத்தது. இவை யாவும் இசைக்குழுவை மனத்திற் கொண்டு வகுத்த முறைகள் என்பதை நாம் மறத்தலாகாது. இசைக்குழுவில் வயலின் இடத்தே, தாழ்குரற் கருவிகள் வலத்தே என ஒழுங்கு உண்டு. இடம்வலம் காட்டுவதே ஸ்டீரியோவின் சிறப்பு. ஓர்கனிலோ, முன்னர்க் கூறியாங்கு, பொருளுள்ள வேறுபாடு ஆழத்திலும் உயரத்திலும் உளது. இடம்வலத்தில் உள்ளது சுரத்தானங்களின் பொருளற்ற சிதறலே. உயரத்தை இரு ஒலிபெருக்கிகளாற் காட்ட இயலாது. ஆழத்தைக் காட்டுதற்கு உள்ள ஒரே கருவி, நேரொலிக்கும் எதிர்முழக்கத்துக்கும் உள்ள விகிதமாகும். அவ்விகிதத்தை நிர்ணயிப்பது ஒலிவாங்கியின் இடம். எனவே ஓர்கனுக்கு ஸ்டீரியோ வேண்டுவது பக்கங்களைப் பிரித்துக் காட்டுதற்கன்று. கட்டடத்தின் ஒலியைக் கருவியின் ஒலியினின்று செவி பிரித்தறியுமாறு விரித்து வைத்தற்கேயாம். இதனை உணராது, ஸ்டீரியோ புதிதாக வந்த நாளில் வெளியான பதிவுகள் சில, மேசைப்பந்தாட்டம்போல் ஒலியை அங்குமிங்கும் எறிந்து வாங்குவோரை மகிழ்வித்தன. அவற்றை இன்று கேட்பார் மிகச் சிலர்.

இவ்வுண்மையை விளக்க, ஹெல்முட் வால்காவின் பதிவுகளிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம். 1907 இற் பிறந்த இவர் இளமையிலேயே பார்வை இழந்தவர். பாஃக்கின் ஓர்கன் இசை முழுவதையும், ஒவ்வொரு குரலாகப் பிறர் வாசிக்கக் கேட்டு, மனத்தில் ஒன்றுசேர்த்துப் பாடம் பண்ணியவர். குரல்களைத் தனித்தனியே கற்றவர்க்கு அவை தனித்தனியே கேட்கவேண்டும் என்னும் விருப்பம் இருத்தல் இயல்பே. ஜெர்மனியின் ஆர்கீவ் வெளியீட்டுக்காக அவர் 1947 இல் லூபெக் நகரிலும், 1950 முதல் 1952 வரை கப்பெல் என்னும் சிற்றூரிலும் பதிவு செய்தார். கப்பெல் ஓர்கன், ஆர்ப் ஷ்னிட்கர் என்னும் புகழ்பெற்ற வல்லுநர் 1680 இல் ஹம்பர்க் நகரத் தேவாலயமொன்றுக்குக் கட்டியது. 1816 இல் அச்சிற்றூருக்கு விலைப்பட்டுச் சென்றது. நகரில் இருந்திருப்பின் பிற்காலப் போரில் தப்பியிருக்குமோ என்பது ஐயத்துக்குரியது. அச்சிறிய கோயிலில் எதிர்முழக்கம் குறைவு; பதிவோ ஒற்றை வழி. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தின. குரல்கள் கோடு கிழித்தாற்போல் தெளிவாகக் கேட்கும்.

1956 இல், ஸ்டீரியோ இசைத்தட்டு விற்பனைக்கு வருமுன்னரே, அவர் ஸ்டீரியோவிற் பதிவு தொடங்கினார். இப்போது தேர்ந்த இடம் ஒல்லாந்தின் அல்க்மார் நகரத்துப் பெருந்தேவாலயம். அங்குள்ள ஓர்கன் 1639 முதல் 1646 வரை கட்டப்பட்டு, 1720 களில் ஆர்ப் ஷ்னிட்கரின் மகனாற் புதுக்கப்பட்டது. ஒற்றை வழியில் இத்துணைப் பெரிய கட்டடத்தைப் பதிந்திருந்தால், தெளிவை இழத்தல் அல்லது கட்டடத்தை இழத்தல் என்னும் இரண்டில் ஒன்றை ஏற்க நேர்ந்திருக்கும். ஸ்டீரியோ அந்நெருக்கடியைத் தளர்த்தியது. அல்க்மார்ப் பதிவைக் கேட்கையில், முதுகுப் பகுதி சற்று முன்னே நிற்பதும், தலைமைப் பகுதி அதன் பின்னே விரிவதும், இறுதி ஒலி அடங்கும்போது பெருவெளியொன்று திறப்பதும் என் செவிக்குப் புலனாகின்றன. ஆர்கீவ் வெளியீட்டார் பதிவு நாளையும் இடத்தையும் கருவியையும் குறிப்பட்டையில் அச்சிட்டுத் தட்டுடன் வைத்தனர். இசைத்தட்டை ஆவணமாக மதித்த அவர் பண்பு போற்றத் தக்கது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது பிரெஞ்சு மரபு. பாரிசின் சென் சுல்பீஸ் தேவாலயத்து ஓர்கன், கவையே கொல் என்பார் 1862 இல் நிறைவேற்றிய பேரமைப்பு: நூறு குழல்நிரைகள், கைக்கென ஐந்து விசைப்பலகைகள். அங்கு 1934 முதல் 1971 வரை ஓர்கன் வாசிப்பாளராக இருந்த மார்சல் துப்ரேயை, அமெரிக்க மெர்குரி நிறுவனத்தார் 1959 இல் அவ்விடத்திலேயே பதிந்தனர். எத்திசையும் ஏற்கும் மூன்று ஒலிவாங்கிகளை இடைவெளி விட்டு நிறுத்துதல் அவர் ஸ்டீரியோ முறை. கவையே கொல்லின் ஓர்கன், குரல்களைக் கலந்து திரட்டி அலைபோல் எழுப்புதற்கென அமைந்தது. வால்காவின் செவிக்கு இன்றியமையாத கூர்மையை அங்கே தேடுதல், எண்ணெய் ஓவியத்திற் கோட்டுச் சித்திரத்தைத் தேடுதல் போலும்.

எத்திசையும் ஏற்கும் ஒலிவாங்கியை ஓர்கன் பதிவாளர் பெரிதும் விரும்புவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவ்வகை ஒலிவாங்கி காற்றின் அமுக்கத்தையே அளப்பது. ஆகவே மிகத் தாழ்ந்த மீடிறனையும் குறையாது ஏற்கும். திசை தெரிந்து ஏற்பவையோ, தம் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் உள்ள அமுக்க வேறுபாட்டால் இயங்குவன. அலைநீளம் இருபது மீற்றராகும்போது அவ்வேறுபாடு மிகச் சிறிதாதலின், தொலைவில் நிறுத்தப்பட்ட இடத்து அவற்றின் தாழ்குரல் மெலியும். புளும்லைன் முறை இடத்தைத் துல்லியமாகக் காட்டும். முப்பத்திரண்டடிக் குழலின் அடிப்படையை இழக்கும். இடைவெளி விட்ட முறை அவ்வடிப்படையைக் காக்கும். இடத்தை மங்கச் செய்யும். ஓர்கனில் இடம்வலம் மங்குதல் இழப்பன்று என்பதை முன்னரே கண்டோம். இசைக்குழுவுக்குக் குறையாவது இங்கே நிறையாயிற்று.

ஆயினும் 1958 முதல் விற்பனைக்கு வந்த ஸ்டீரியோ தட்டு இவ்வுரிமையை முழுதும் நல்கவில்லை. அத்தட்டின் பள்ளத்தில், இரு வழியிலும் ஒத்த அவத்தையில் வரும் ஒலி ஊசியைப் பக்கவாட்டில் அசைக்கும். எதிர் அவத்தையில் வரும் ஒலி மேலும் கீழும் அசைக்கும். தூரத்தே நிறுத்திய இரு ஒலிவாங்கிகள் தாழ்ந்த ஒலியை எதிர் அவத்தையில் ஏற்றால், பள்ளம் சில இடங்களில் ஆழமற்றுப் போய் ஊசி துள்ளும். ஆதலால் தட்டு வெட்டுவோர் தாழ்குரலை மட்டும் ஒற்றை வழியாகக் கலந்துவிடுவதுண்டு. தேவாலயத்தில் ஒலிவாங்கி கேட்டது ஒன்று. வீட்டில் ஊசி சொன்னது வேறொன்று. 1982 இல் குறுந்தட்டு வந்த பின்னரே இத்தடை நீங்கியது.

வானொலி நிலையத்தார்க்கு வேறொரு கவலை. ஸ்டீரியோவாக ஒலிபரப்பப்படுவதை ஒற்றை வழிப் பெட்டியிற் கேட்போர் பலர் இருந்தனர். இடைவெளி விட்ட ஒலிவாங்கிகளின் ஒலியை ஒன்றாகக் கலந்தால், சில மீடிறன்கள் ஒன்றையொன்று அழிக்கும். இதற்குத் தென்மார்க்கு வானொலியின் ஹொல்கர் லௌரிட்சன் ஒரு வழி கண்டார்: ஒரே இடத்தில் ஓர் ஒலிவாங்கி முன்னோக்கியும் மற்றொன்று பக்கங்களை நோக்கியும் நிற்க, இரண்டின் கூட்டலும் கழித்தலும் இடவழியும் வலவழியுமாகும். பிரெஞ்சு வானொலியார் ஒரு நடுவழி வகுத்தனர். இதய வடிவில் ஒலியேற்கும் இரு ஒலிவாங்கிகளை மனிதச் செவிகளின் இடைவெளியை ஒத்த 17 சென்ரிமீற்றர் விலக்கி, 110 பாகை விரித்து நிறுத்தினர். ஒல்லாந்தர் 30 சென்ரிமீற்றரும் 90 பாகையும் கொண்டனர். காலமும் செறிவும் கைகோத்த இம்முறைகள் இன்றும் ஓர்கனுக்குப் பெரிதும் பயன்படுகின்றன.

இன்று ஓர்கன் பதிவுக்குச் செல்வோர் செய்வது யாது? வாசிப்பவரைப் பல நிரைகளையும் ஒலிப்பிக்கச் செய்து, தாம் தேவாலயத்தின் நடுவழியே முன்னும் பின்னும் நடப்பர். தெளிவும் முழக்கமும் இணங்கும் இடத்தைச் செவியாற் கண்டபின், ஒலிவாங்கியை அவ்விடத்தில் நிறுத்தார். அதனின்று கருவியை நோக்கிக் கணிசமான தொலைவு முன்னே செல்வர். நேரில் இருப்போரின் செவிக்கு எதிர்முழக்கம் எத்திசையினின்றும் வருவதால் உள்ளம் அதனை ஒதுக்கவல்லது. ஒலிபெருக்கியில் அஃது இசையோடு முன்னிருந்தே வருமாதலின் மிகையாகத் தோன்றும். பின்னர் உயரம். தாழ நிறுத்தினால் முதுகுப் பகுதி தலைமைப் பகுதியை மறைத்து மேலோங்கும். உயர்த்த உயர்த்தத் தலைமைப் பகுதி வெளிப்படும். நான்கு மீற்றருக்கும் எட்டு மீற்றருக்கும் இடையே, ஒரு சாண் ஏற்றியும் இறக்கியும் கேட்பதற்கு ஓரிரவு கழிதலும் உண்டு. இடைவெளி பெரும்பாலும் 40 முதல் 60 சென்ரிமீற்றர். 60 சென்ரிமீற்றர் இடைவெளியில், பக்கத்திலிருந்து வரும் ஒலிக்கும் நேரும் கால வேறுபாடு ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கினும் குறைவு. அவ்வளவே போதும்.

இடத்தோடு காலமும் சேர்த்தெண்ணத் தக்கது. தெருவின் இரைச்சல் அடங்கிய இரவிலே பதிவு நடப்பதால் இருக்கைகள் வெறுமையாய் இருக்கும். மக்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவன என்பதைச் சபைன் அன்றே கண்டார். ஆகவே வழிபாட்டு நாளிற் கேட்பதிலும் பதிவில் எதிர்முழக்கம் நீளும்; அதற்கேற்ப வாசிப்பவர் தம் நடையைத் தளர்த்துவர். ஓர் இசைத்தட்டை மட்டும் கேட்டு, இன்னார் விளம்ப காலத்தில் வாசிக்கும் இயல்பினர் என்று எழுதும் ஆராய்ச்சியாளர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஜெர்மனியின் பிரைபர்க் பேராலயத்தில் நான்கு ஓர்கன்கள் நான்கிடத்தில் நிற்கின்றன. ஒருவரே ஒரு விசைப்பீடத்திலிருந்து நான்கையும் வாசிக்கலாம். 1970 களில் பவர் பிக்ஸ் அங்கே பாஃக்கின் இசையை நால்வழியிற் பதிந்தார். நால்வழித் தட்டு அப்பத்தாண்டு முடிவதற்குள் வழக்கொழிந்தது. தனக்குரிய கருவியைக் கண்ட வேளையிலேயே அம்முறை மறைந்தது இரங்கத் தக்கது.

ஓர்கன் அழியும்போதுதான் இவையாவும் எத்துணைப் பெறுமதியுடையன என்பது தெரிகின்றது. 2020 சூலை 18 ஆம் நாள் பிரான்சின் நான்த் நகரப் பேராலயத்தில் மூண்ட தீயில், பதினேழாம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்துவந்த பெரிய ஓர்கன் எரிந்து போயிற்று. எஞ்சியிருப்பவை வரைபடங்களும் பதிவுகளுமே. பாரிசின் நோத்ர தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 ஆம் நாள் எரிந்தபோது, அதன் பெரிய ஓர்கன் ஏறக்குறைய எட்டாயிரம் குழல்களுடன் தப்பியது. ஈயத் தூசு படிந்த அக்குழல்களைக் கழற்றித் துலக்கி மீண்டும் நிறுத்தினர். 2024 டிசெம்பர் 7 ஆம் நாள் பேராலயம் திறக்கப்பட்டபோது ஓர்கன் மறுபடி ஒலித்தது. கருவி பழையது, மேல்விதானத்தின் இடிந்த பகுதிகளும் கூரையும் புதியவை. எதிர்முழக்கம் பழையதுதானா என்பதைப் பழைய இசைத்தட்டுகளைக் கொண்டு துணிதல் இயலாது. அவற்றின் உறைகளில் இசையும் வாசித்தவரும் குறிக்கப்பட்டுள்ளனவேயன்றி ஒலிவாங்கி நின்ற இடம் குறிக்கப்படுவது வழக்கமன்று. நல்லூழாக, 2015 ஆம் ஆண்டில் ஒலியியலாளர் சிலர் அப்பேராலயத்தின் எதிர்முழக்கத்தை அளந்து, ஒலிமூலமும் ஒலிவாங்கியும் நின்ற இடங்களைப் படத்திற் குறித்து வைத்திருந்தனர். அக்குறிப்பைக் கொண்டே, தீக்குப் பின் 2020 இற் செய்த அளவையோடு ஒப்பிட்டு, எதிர்முழக்கம் எவ்வளவு குறைந்தது எனக் கணிக்க முடிந்தது.